மூன்றாம் முறை கேளாத வீடு

சமையலறைச் சுவரில் தொங்கிய தொலைபேசியின் ரிசீவரை சிக்ரிட் அன்ரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அடுப்பில் கோப்பி பொங்கி வழிந்துகொண்டிருந்தது. ஒரு துளி சிந்தினாலே துணியோடு ஓடி வருகிறவர், அன்றைக்குத் திரும்பியும் பார்க்கவில்லை.

“வேண்டாம் கார்ல். உங்களுக்கேன் வீண் கரைச்சல்,” என்றார்.

மறுமுனையில் ஏதோ நீளமாகச் சொல்லப்பட்டது. அன்ரியின் கன்னங்கள் இரண்டும் சிவந்தன. எண்பது தாண்டிய மனுசிக்கு அப்படிச் சிவக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

“இல்லையப்பா. இது அறுவடை நேரம். உன்ரை மனிசிக்கு இருக்கிற வேலையே காணும். நான் இஞ்சை சுகமாத்தான் இருக்கிறன்.”

ரிசீவரைக் காதோடு இன்னும் இறுக்கினார். மேசையடியில் அமர்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த நானும் கத்தியை நிறுத்தினேன். அடுத்து வரப்போவது என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்தோம்.

கார்ல் சுருக்கமாக ஏதோ சொன்னார்.

“ஓம்... ஓம். அப்ப சரி,” என்று ரிசீவரை மாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, “கோப்பி வழிஞ்சிட்டுது,” என்றார்.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். சிக்ரிட் அன்ரி பேசியது ஆங்கிலம். அதிலும் ஒரு மாதிரி இழுத்து இழுத்துப் பாடுகிற ஆங்கிலம். ஆனால் இத்தனை வருடம் கழித்து அவருடைய குரல் என் நினைவில் யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்கிறது. கேட்கிறபடியே எழுதுகிறேன். பண்டிதர்கள் பொறுத்தருள்க.

கார்ல், அன்ரியின் அண்ணனுடைய மகன். அமெரிக்காவில் மினசோட்டா என்ற இடத்தில் அன்ரி பிறந்த கோதுமைப் பண்ணை இருந்தது. அதை அப்போது கார்ல்தான் பார்த்துவந்தார். அண்ணன் அந்த வருடம் பனி உருகுகிற நாட்களில் இறந்துபோனார். அவர் படுத்திருந்த கீழறை காலியாகக் கிடக்கிறது, வந்து எங்களோடு இருங்கள், நானே காரில் வந்து கூட்டிப்போகிறேன் என்று கார்ல் கேட்டார்.

அந்தப் பண்ணைக்குத் திரும்பிப் போய் அங்கேயே கண்ணை மூடவேண்டும் என்பதைத் தவிர அன்ரிக்கு வேறு ஆசை இருந்ததில்லை. இருந்தும் வேண்டாம் என்றார். ஏன் என்று சொல்வதற்கு நான் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

முட்டைக் கோப்பி

ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறைக்குள் ஏழு பேர் குடியிருந்த கதையை முன்பே எழுதிவிட்டேன். அந்தக் கரப்பான்பூச்சிகளை மறுபடியும் வரவழைக்க எனக்கு விருப்பமில்லை. என் கணவர் நாதனுடைய ஃபாக்டரியில் யாரோ சொல்லி, வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற் எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது. மேல்தளத்தில் வீட்டுக்காரி தனியே இருந்தார். அவர்தான் சிக்ரிட் அன்ரி.

குடிபோன அன்று பனி கொட்டியது. சாமான்களை இறக்கி முடித்ததும் எங்களை மேலே கூப்பிட்டார்.

“கோப்பி குடியுங்கோ.”

“வேண்டாம், இப்பதான் குடிச்சனாங்கள்,” என்றேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் பட்டிருக்கவில்லை.

“கொஞ்சமாவது குடிக்கலாந்தானே?”

“ஐயோ வேண்டாம். உங்களுக்கேன் கரைச்சல்.”

நாதன் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். அவருக்கு அனுபவம் இருந்தது. கனடாவுக்கு வந்த புதிதில் வேலைத்தலத்து ஃபோர்மன் ஒருவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். சாப்பிடுகிறாயா என்று ஃபோர்மன் கேட்க, இவர் ஊர்ப்பழக்கத்தில் வேண்டாம் என்றிருக்கிறார். ஃபோர்மன் ‘ஓகே’ என்று சொல்லிவிட்டு இவருக்கு முன்னாலேயே கோழிக்காலைக் கடித்திருக்கிறார். “வெள்ளைக்காரனுக்கு வேண்டாமெண்டால் வேண்டாந்தான். வாயாலை வயித்தைக் காயவிடாதையும்,” என்று எனக்குப் பாடம் எடுத்திருந்தார்.

ஆனால் வீட்டுக்காரி எழும்பிப் போய்விடவில்லை. “தண்ணி கொதிச்சபடிதான் இருக்குது. அரைக் கோப்பையாவது குடிச்சிட்டுத்தான் போகவேணும்,” என்றார்.

“அப்ப ஒரு சொட்டு,” என்றேன்.

அவர் கதிரையில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். “நீங்களென்ன, நோர்வேக்காரரோ?” என்று கேட்டார்.

அவருடைய ஊரிலும் அதுதான் சட்டமாம். முதல்முறை கேட்டதும் கையை நீட்டுகிறவன் காணாததைக் கண்டவன். இரண்டாம் முறையும் மறுக்கவேண்டும். மூன்றாம் முறை வாங்கிக்கொள்ள வேண்டும். “முதல் கேக்கிறது மரியாதைக்கு. ரெண்டாவது ஊருக்காக. மூண்டாவதுதான் மனசிலையிருந்து வாறது,” என்றார். மூன்றாம் முறையும் வேண்டாம் என்றால் அது உண்மையான வேண்டாம். அதைச் சொன்னால் பிறகு அந்த வீட்டில் உறவு இல்லை.

எங்கள் ஆட்களும் இதைத்தானே செய்கிறோம். ஆனால் நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. நோர்வேக்காரர் எண்ணிவைத்திருக்கிறார்கள்.

அந்தக் கோப்பி தங்கம் போலத் தெளிவாக இருந்தது. பல மாதம் குடித்த பிறகுதான், கோப்பித் தூளில் ஒரு முழு முட்டையை ஓட்டோடு நொறுக்கிப் பிசைந்து கொதிக்கவிடுகிறார் என்று கண்டேன். அப்படிச் செய்தால் மண்டி எல்லாம் ஒன்றாகத் திரண்டுவிடுமாம். அவர்களுடைய ஊர் வேதக் கோயிலில் பெண்கள் சேர்ந்து பெரிய அண்டாவில் வைப்பது அப்படித்தானாம். நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் சுத்த சைவம். எத்தனை வெள்ளி அந்த முட்டைக் கோப்பியைக் குடித்திருப்பேன் என்று முருகனுக்குத்தான் தெரியும். சொன்னால் அன்ரி மனம் நோவார் என்று நான் சொல்லவில்லை. நிறுத்தவுமில்லை.

ஒரு ரோட்டு, இரண்டு கோயில்

உருளைக்கிழங்கை அவித்து மசித்து, மாவோடு பிசைந்து, கடதாசி போல மெல்லியதாகத் தட்டிச் சுடுகிற ஒரு ரொட்டி அவர்களுக்கு உண்டு. நீளமான தட்டைத் தடியால் அதைத் திருப்பவேண்டும். நான் வெறும் விரலால் திருப்பினால் அன்ரி வாயில் கைவைப்பார். அந்த ரொட்டி சுடுகிற பின்னேரங்களில்தான் அவருடைய ஊரின் கதை முழுவதையும் கேட்டேன்.

அவருடைய தாத்தா காலத்தில் நோர்வேயின் ஒரே பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்கள் அந்தப் புல்வெளியில் பக்கத்துப் பக்கத்தில் காணி பிடித்தார்கள். மரமே இல்லாத நிலம். வேரும் புல்லுமாக இருந்த மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள். வெளியே மழை விட்டாலும் வீட்டுக்குள் விடாதாம். ஒரு வருடம் வெட்டுக்கிளி வந்து கோதுமையை மட்டுமல்ல, கொடியில் காய்ந்த உடுப்பையும் தின்றுவிட்டுப் போனதாம்.

கொஞ்சம் தலைநிமிர்ந்ததும் அவர்கள் செய்த முதல் வேலை சங்கம் அமைத்தது. எந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவரோ அந்தப் பள்ளத்தாக்குக்கு ஒரு சங்கம். வருடம் ஒருமுறை கூடி, ஊர்ப்பேச்சில் பிரசங்கம் செய்து, ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டு, யாருடைய தாத்தா எந்தக் காணிக்காரர் என்று ஒரு தடித்த புத்தகம் போடுவார்களாம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தக் கோடையில்தான் எங்கள் ஊர்ச் சங்கம் இரண்டாக உடைந்திருந்தது. முதலில் வாசிகசாலையைத் திருத்துவதா, கோயிலைத் திருத்துவதா என்று சண்டை. ஷெல்லடியில் இரண்டுமே இடிந்துகிடந்தன. இங்கே ஸ்காபரோவில் ஒரே பூங்காவில், ஒரே ஞாயிறு, இரண்டு ஒன்றுகூடல். நாதன் ஒரு பக்கத்தில் ஆட்டிறைச்சி வாட்டிக்கொண்டு, மற்றப் பக்கத்து வாசனையை மூக்கால் பிடித்துக்கொண்டிருந்தார்.

“உதென்ன பெரிய காரியம். நாங்கள் கடவுளையே ரெண்டாக்கினனாங்கள்,” என்றார் அன்ரி.

மீட்சி பெறப்போகிறவர்களைக் கடவுள் முன்கூட்டியே தெரிந்தெடுத்துவிட்டாரா, அல்லது அவர்களுடைய விசுவாசத்தைப் பார்த்துத்தான் தெரிந்தெடுத்தாரா என்பது கேள்வி. பால் கறந்துவிட்டு வந்த கையோடு இதற்காக அடிபிடிப்பட்டிருக்கிறார்கள். கடைசியில் ஒரு பகுதி பிரிந்துபோய், ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் தங்களுக்கென்று ஒரு கோயில் கட்டியது. இரண்டு கோயில், இரண்டு மணி, இரண்டு இடுகாடு, நடுவில் ஒரு மண் ரோட்டு. பிற்காலத்தில் மேலிடத்தில் இரண்டு சபையும் கைகுலுக்கி ஒன்றாகிவிட்டன. ஊரில் ஆகவில்லை. அன்ரி சிறுபிள்ளையாக இருந்தபோதும் ஞாயிறு காலையில் எதிர்ப்பக்கத்து மணி அடித்தால் அவருடைய அப்பா ஜன்னலை மூடுவாராம்.

அந்த எதிர்ப்பக்கத்துப் பெடியனைத்தான் அன்ரி கல்யாணம் செய்தார்.

அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. மழை பொய்த்துப் பண்ணைகள் காய்ந்த காலம் அது. புருஷனும் மனைவியும் வேலை தேடி ரொறன்ரோவுக்கு வந்தார்கள். பிறகு போர் வந்தது. புருஷன் பட்டாளத்தில் சேர்ந்து கடல்கடந்து போனார், திரும்பவில்லை. அங்கேயே எங்கோ புதைத்துவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. அன்ரி ஒரு கடையில் வேலைசெய்து, இந்தச் சின்ன வீட்டை வாங்கி, இருந்துவிட்டார்.

“அம்மா சாகேக்கை போனீங்களோ?” என்று ஒருமுறை கேட்டேன்.

“போகக் கிடைக்கேல்லை,” என்று சொல்லிவிட்டு ரொட்டியைத் திருப்பினார். நானும் பாதை அடைபட்டதாக்கும், பனியாக்கும் என்று விட்டுவிட்டேன்.

தொலைபேசிக்குக் காவல்

கார்லின் அழைப்புக்குப் பிறகு, ஞாயிறு கோயிலுக்குத் தவிர, அன்ரி வீட்டைவிட்டு அசையவில்லை. நோர்வேக்காரன்தானே, மூன்றாம் முறை கேட்காமல் இருக்கமாட்டான், கோதுமை களஞ்சியத்துக்கு ஏறிய பிறகு தொலைபேசி எடுப்பான் என்றார். கோதுமை எப்போதோ ஏறியிருக்கும். ரொறன்ரோவில் மேப்பிள் இலைகள் கொட்டி முடிந்தன.

வீடு முழுவதுக்கும் ஒரே தொலைபேசி இணைப்புத்தான். கீழே எங்களிடம் ஒரு கிளை இருந்தது. நான் ரிசீவரைத் தூக்கினால் மேலே அன்ரியின் செருப்புச் சத்தம் கேட்கும். வந்து கதவடியில் நிற்பார்.

“கொழும்பிலையிருந்து அம்மா எடுத்தால் என்னெண்டு கதைக்கிறது? உந்த மனிசிக்கு விசர்,” என்று நாதன் கத்தினார். அம்மா எடுத்தபோது அவரே இரண்டு நிமிடத்தில் வைத்தும்விட்டார். வெளியே காட்டமாட்டார், அவ்வளவுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. மேலே போய், “அன்ரி, நீங்களே எடுத்து, வாறன் எண்டு சொல்லுங்கோவன்,” என்றேன்.

நான் ஏதோ துணியில்லாமல் ரோட்டுக்குப் போகச் சொன்னதுபோலப் பார்த்தார். “கேளாத வீட்டுக்குப் போறதோ? நாய்கூடக் கூப்பிட்டால்தான் வரும், பிள்ளை.”

கார்லின் மனைவி நகரத்துப் பெண் என்று அன்ரி சொல்லியிருந்தார். அவளோடு இருந்து கார்லும் வழக்கத்தை மறந்திருப்பார் என்று நான் முடிவுகட்டினேன். ஃபோர்மன் மாதிரி. வேண்டாமென்றால் வேண்டாந்தான். யாராவது ஒருவர் எடுத்துச் சொன்னால் போதும்.

கார்ல் சொன்னது

அன்ரி கோயிலுக்குப் போன ஒரு ஞாயிறு காலை, சுவரில் எழுதி ஒட்டியிருந்த இலக்கத்தைப் பார்த்துக் கார்லுக்கு அழைத்தேன். என்னுடைய ஆங்கிலம் அப்போது கடைத்தெருவுக்கு மட்டும் காணும்.

கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கிறவள் என்று சொன்னேன். அன்ரி தொலைபேசியடியில் காத்திருப்பதைச் சொன்னேன். “அவ வேண்டாமெண்டது வேண்டாமெண்டு இல்லை. இன்னொருக்கால் கேட்டால் வருவா. மூண்டு தரம் கேக்கவேணும். அதுதான் உங்கடை ஆக்களின்ரை முறை,” என்றேன். ஒரு நோர்வேக்காரருக்கு நோர்வே வழக்கம் சொல்லிக்கொடுக்கிற யாழ்ப்பாணத்துக்காரி. என் துணிவை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கார்ல் கோபிக்கவில்லை. அமைதியான குரல். அவருக்கும் அதே தமிழையே கொடுக்கிறேன், ஒரே குடும்பம்தானே.

“எனக்கு முறை தெரியும், அம்மா,” என்றார். “அதாலைதான் ரெண்டோடை நிப்பாட்டினனான்.”

எனக்கு விளங்கவில்லை.

“என்ரை பாட்டி சாகக் கிடக்கேக்கை அப்பா சிக்ரிட் மாமிக்கு ஃபோன் எடுத்தவர். மாமியின்ரை புருஷன் அப்ப உயிரோடை இல்லை. வா எண்டார். அவ மாட்டன் எண்டா. திருப்பியும் கேட்டார். மாட்டன் எண்டா. மூண்டாந்தரமும் கேட்டார். மூண்டாந்தரமும் மாட்டன் எண்டிட்டா. பாட்டி வாசலைப் பாத்துக்கொண்டுதான் செத்தவ. நான் சின்னப் பெடியன், பக்கத்திலை நிண்டனான். அதுக்குப் பிறகு அப்பா எங்களுக்குச் சொன்னவர், இந்த வீட்டிலை அவளை ரெண்டு தரத்துக்கு மேலை ஒருத்தரும் கேக்கக்கூடாது எண்டு. அப்பா இப்ப இல்லை. எண்டாலும் அவர் சொன்னது சொன்னதுதான்.”

மரியாதைக்கு ஒரு முறை, ஊருக்காக ஒரு முறை. இரண்டையும் அவர் ஒழுங்காகச் செய்திருந்தார். அவரில் எனக்குக் குற்றம் காண முடியவில்லை. அதுதான் மிகவும் வலித்தது.

அப்பா கேட்கட்டும்

அன்ரி கோயிலால் வந்து கோட்டைக் கழற்றும் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறைத்து வைக்கிற பொறுமை எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தொப்பியோடேயே கதிரையில் அமர்ந்தார்.

“உண்மைதான்,” என்றார். “மூண்டு தரமும் மாட்டன் எண்டனான்.”

“ஏன் அன்ரி?”

“அண்ணன்தானே கேட்டவன். அப்பா கேக்கேல்லை. அப்பா கேட்டவரோ எண்டு கேட்டன். அண்ணன் பேசாமல் நிண்டான். அப்பாதானே என்னைக் கைவிட்டவர். அவர் ஒருக்கால், ஒரேயொருக்கால், வா எண்டால் நான் முதல் கேள்வியிலையே ஓடியிருப்பன். அப்பா கேக்கட்டும் எண்டு இருந்திட்டன்.” கையுறையை இழுத்து இழுத்துக் கழற்றினார். “அம்மாவும் செத்துப்போனா. அப்பாவும் செத்துப்போனார். கேக்கேல்லை.”

பிறகு நான் கனவிலும் நினைக்காத ஒன்றைச் செய்தார். எழும்பிப் போய்த் தொலைபேசியை எடுத்து, கார்லின் இலக்கத்தைச் சுழற்றினார்.

“கார்ல், சிக்ரிட் கதைக்கிறன். நீ கேக்கவேண்டாம். நான் கேக்கிறன். நான் வரட்டோ?”

எண்பது வருடப் பழக்கத்தை அப்படி ஒரு வசனத்தில் உடைத்தார். என் கண் கலங்கிவிட்டது. இனி எல்லாம் சரிவந்துவிடும் என்று நினைத்தேன்.

மறுமுனையில் கார்ல் நெடுநேரம் பேசினார். கடைசியில் அன்ரி தங்கள் பாஷையில் நன்றி சொல்லி, ரிசீவரை மெதுவாக மாட்டினார். ஜன்னலுக்கு வெளியே எங்கள் வேலியோரத்துப் புல் பழுத்துக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னவாம், அன்ரி?”

“வீட்டிலை இருக்க வா எண்டு சொல்ல ஏலாதாம். அதுவும் மூண்டாந்தரம் கேட்டதாப் போமாம். தகப்பனுக்குக் குடுத்த வாக்காம். பொய் சொல்லாத பிள்ளை. வளர்ப்பு நல்ல வளர்ப்பு.”

நான் வாய்க்கு வந்தபடி கார்லை ஏசத் தொடங்கினேன். அன்ரி கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

“கேள் பிள்ளை. கோயிலடி இடுகாட்டிலை எனக்கு இடம் இருக்காம். அம்மாவுக்குப் பக்கத்திலை. நான் கலியாணம் முடிச்சுப் போன வருசமே அப்பா வாங்கி விட்டவராம். ஆருக்கும் வாய்திறக்க வேண்டாம், அவள் வீட்டை வந்தால் நானே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவன் எண்டு அண்ணனுக்குச் சொன்னவராம். அண்ணன் சாகும்வரைக்கும் அதிலை புல்லு வெட்டினவனாம். இப்ப கார்ல் வெட்டுறானாம். போன மாசமும் வெட்டினானாம்.”

அந்த வீட்டார் எல்லோர் மேலும், பேசாமல் இருந்தே செத்துப்போன அந்தக் கிழவர் மேலும், எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஒரு சொல். ஒரேயொரு சொல். அதைச் சொல்லியிருந்தால் அன்ரி மூன்றாம் வகுப்புப் புகைவண்டியிலாவது ஏறிப் போயிருப்பார்.

நாதன் வேலைக்குப் போகிற சத்தம் கீழே கேட்டது. கதவு அடித்து மூடியது. அன்ரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், பிள்ளை,” என்றார். “நான்தான் வாயாலை கேக்கட்டும் எண்டு இருந்திட்டன்.”